ஜிஆர் ஆர்2 முழுசா நடக்கப் போறோம், எந்த மேப் எந்த கைடு புக் வாங்கறது?

மழைக்கோட்டு மாப்ள (சேன் தெனி)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு பாண்டி பக்கம், இந்த பிரெஞ்சு தீவு ரெயூனியனுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல மலைன்னு போனது ரெண்டு தடவ சிலாவோஸ், ஒரு தடவ மைதோ, அதுவும் கார்ல. வர்ற ஜூலைல என் மச்சான் சென்னைலேர்ந்து வராரு, அவரு இமயமலைல ரெண்டு மூணு ட்ரெக் போனவரு, வந்ததும் ஜிஆர் ஆர்2ன்னு தீவ கடக்கற நீண்ட நடைபாதைய ஃபுல்லா நடக்கணும்ங்கறாரு, இங்க சேன் தெனில ஆரம்பிச்சு தெக்க பாஸ் வாலே வரைக்கும். 130 கிலோமீட்டர் தானே, ஒரு நாளைக்கு 20 போட்டா ஆறரை நாள், ஏழு நாள் லீவு போடு போதும்னு கணக்கு சொல்றாரு. எனக்கு வயித்த கலக்குது.

இப்ப என் சந்தேகம். புக்கு கடைக்குப் போனா ஐஜிஎன் (பிரெஞ்சு அரசு மேப்பு நிறுவனம்) நீல மேப்பு பல நம்பர்ல இருக்கு, அதத் தவிர தீவு முழுசையும் காட்டற ஒரே ஷீட் ஒண்ணு, அப்புறம் பிரெஞ்சுல தோப்போகீத்னு பாதைய விவரிக்கற கைடு புக்கு, இங்லீஷ்ல கைடு, ஜெர்மன்காரங்க போட்ட குட்டி புக்கு ஒண்ணு. எல்லாத்தையும் வாங்கினா பையில துணி வைக்க இடம் இருக்காது. மச்சானுக்கு பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. நானும் ஆபீஸ் பிரெஞ்சு தான், புக்கு பிரெஞ்சு படிச்சா ரெண்டாவது பக்கத்துல தூக்கம் வந்துடும்.

ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகும்போது அவரோட பழைய தோப்போகீத்த எனக்கு குடுத்துட்டுப் போனாரு, கோடு போட்டு குறிப்பு எழுதி பத்திரமா வச்சிருந்தாரு, ஆனா அதுல ஜீத் (மலைல தங்கற விடுதி) ரேட்டெல்லாம் யூரோவுக்கு முந்தின ஃப்ராங்க்ல இருக்கு. இத வச்சு சமாளிக்கலாமா? இல்ல ஃபோன்ல ஒரு ஆப் போட்டா போதுமா? நடந்தவங்க சொல்லுங்க.


கொத்தமல்லி அக்கா (லெ தாம்ப்போன்)

தம்பி மொதல்ல மச்சானோட கணக்க கிழிச்சுப் போடு, மேப்ப அப்புறம் பாக்கலாம். இந்த ஊர்ல கிலோமீட்டருக்கு மதிப்பே கிடையாது. சிலாவோஸ் பக்கத்துல லெ ப்ளோக்னு ஒரு இடம், அங்கேர்ந்து பித்தோன் தெ நேழ் மலை ஜீத்துக்கு ஏறற பாதை தூரத்த பாத்தா சிரிப்பு வரும், சந்தைக்கு போயிட்டு வர்ற தூரம். ஆனா லெ ப்ளோக் 1380 மீட்டர் உயரத்துல, ஜீத் 2478 மீட்டர்ல. நேரா மாடிப்படி ஏறற மாதிரி 1100 மீட்டர். நல்லா நடக்கறவங்களுக்கே மூணு மணி நேரம். பொதுவா பையோட ஏறினா மணிக்கு 300 மீட்டர் ஏத்தம்னு வச்சுக்க, அதுக்கு மேல ஆசப்படாத. ஜிஆர் ஆர்2வ ஜனங்க பத்துலேர்ந்து பன்னெண்டு நாள்ல நடக்கறாங்க. அக்டோபர்ல ராத்திரி பகலா ஓடற கிராண்ட் ரெய்ட் பந்தய ஆளுங்கள பாத்து கணக்கு போடாத, அவங்க வேற ஜாதி.

சரி மேப்பு. கடைல இருக்கற அத்தனை நம்பரும் உனக்கு வேணாம். 1க்கு 25000 அளவு மேப்பு இந்த தீவுக்கு மொத்தம் ஆறு ஷீட், ஆர்2வுக்கு மூணு போதும்: 4402 ஆர்டி, 4405 ஆர்டி, 4406 ஆர்டி. சேன் தெனி, மலை சூழ்ந்த பள்ளங்களான மஃபாத், சலாஸி எல்லாம் 4402ல, சிலாவோஸ் சேன் பியேர் பக்கம் 4405ல, எரிமலை 4406ல. மூணும் சேத்து ஒரு ஜீத்ல ராத்திரி சாப்பாட்டோட தங்கற காசு கிட்ட வரும், அதுக்கு போயி யோசிக்காத. தீவு முழுசும் ஒரே ஷீட்ல வர்றது 1க்கு 1 லட்சம், வீட்டுச் செவுத்துல ஒட்டி வச்சு பிளான் போட அருமை, கைல வச்சுட்டு நடக்க உதவாது. அதுல ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், மஃபாத் உள்ள ஒரு கிலோமீட்டர்ல ஒரு பள்ளத்தாக்குல இறங்கி ஆத்த தாண்டி அடுத்த பக்கம் ஏறிடுவ, அது அத்தனையும் உன் சுண்டு விரல் நகத்துக்குள்ள அடங்கிடும்.

இப்ப புக்கு. மேப்பும் புக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து கிடையாது, நெறைய பேரு இங்க தான் காச மிச்சம் பண்றேன்னு ஏமாறறாங்க. தோப்போகீத் உள்ளயே ஐஜிஎன் மேப்பு துண்டு துண்டா அச்சடிச்சு பாதை மேல செவப்பு கோடு இழுத்திருப்பான், அத பாத்துட்டு தனி மேப்பு எதுக்குன்னு தோணும். பாதை மேலயே நடக்கற வரைக்கும் சரி. பாதைய விட்டு வெளிய வர வேண்டிய நாள்ல தான் அந்த துண்டு மேப்பு பக்கத்தோட ஓரத்துல முடிஞ்சு போயிருக்கும். நாலு வருஷம் முன்னாடி மஃபாத் உள்ள ரோஷ் ப்ளாத்ல என் கூட வந்த பொண்ணுக்கு முட்டி வீங்கிடுச்சு. இங்கேர்ந்து எப்படி வெளிய போறதுன்னு பாக்கணும். மேல மைதோ பக்கம் ஏறினா ரோடு இருக்கு, ஆனா ஆயிரம் மீட்டர் கிட்ட ஏறணும், வீங்கின முட்டியோட அது நடக்கற காரியமா. லா நூவேல் ஊர் வழியா கோல் தே பெஃப் கணவாய்க்கு போனா நேரம் அதிகம் ஆனா ஏத்தம் பிரிஞ்சு பிரிஞ்சு வரும், நடுவுல படுத்து தூங்க ஜீத்தும் உண்டு. புக்குல இந்த ரெண்டு வழியும் ஒரே பக்கத்துல இல்ல. பெரிய ஷீட்ட தரைல விரிச்சு நாலு பேரும் குனிஞ்சு பாத்து கான்டூர் கோட (ஒரே உயரத்த காட்டற கோடு) எண்ணி ரெண்டு நாள் எடுத்து கோல் தே பெஃப் வழியா வெளிய வந்தோம். மஃபாத் உள்ள ரோடு கெடையாது தெரியும்ல, கேஸ் சிலிண்டர்லேர்ந்து சிமெண்ட் வரைக்கும் ஹெலிகாப்டர்ல தான் வருது. நடந்து போனா நடந்து தான் வரணும், முடியலன்னா 112க்கு போன் பண்ணி மலை போலீஸ் ஹெலிகாப்டருக்கு காத்திருக்கணும்.

அந்த ஃப்ராங்க் புக்கு பத்தி அடுத்த பதில்ல எழுதறேன், அடுப்புல சாம்பார் இருக்கு.


வெறுங்கால் வேலு (சேன் போல்)

எதுக்கு இவ்ளோ பில்டப்பு. மரத்துல கல்லுல செவப்பு வெள்ளை கோடு போட்டிருக்கான், அத பாத்துட்டே நடந்தா பாஸ் வாலே வந்துடும். மூட்டைய கொறைங்க.


கொத்தமல்லி அக்கா (லெ தாம்ப்போன்)

வேலு, நீ மார்லா போயிருக்கியா? ஆர்1, ஆர்2, ஆர்3 மூணும் அங்க வந்து சேருது, மூணுக்கும் அதே செவப்பு அதே வெள்ளை. பெயிண்ட் உனக்கு “நீ ஏதோ ஒரு ஜிஆர்ல இருக்க”ன்னு மட்டும் தான் சொல்லும், எந்த ஜிஆர்னு சொல்லாது. போர்டு இருக்கு, வாஸ்தவம் தான், ஆனா போர்டுல அடுத்த ஊர் பேரு தான் எழுதிருக்கும், உனக்கு அடுத்த ஊரு எதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல. மூடுபனி வந்தா போர்டும் தெரியாது.

மழைக்கோட்டு தம்பி, அந்த பழைய புக்கு. நடக்கறதுக்கு வேணாம், படிக்கறதுக்கு வச்சுக்க. காரணம் ரேட்டு மட்டும் இல்ல. 2007 ஏப்ரல்ல எரிமலைல தோலோமியூ பள்ளம் 300 மீட்டர் கிட்ட உள்ள சரிஞ்சு விழுந்துச்சு, அதுக்கு முன்னாடி வந்த புக்குல மேல சுத்தி வர்ற மாதிரி இருக்கும், இப்ப பாதையே வேற. ஆர்2 அந்த ஆங்க்லோ (எரிமலைய சுத்தி இருக்கற பெரிய பள்ளம்) உள்ள இறங்காது, மேல ரம்பார் (செங்குத்து சுவர்) ஓரமாவே போயிடும், ஆனா உங்க மச்சான் கண்டிப்பா “வந்தது வந்தோம் எரிமலைய கிட்டக்க பாத்துட்டு போலாம்”னு சொல்வாரு, அப்ப இந்த புக்கு கைல இருந்தா தப்பாயிடும். எரிமலை வெடிச்சிருந்தா இல்ல வெடிக்கப் போற மாதிரி இருந்தா ப்ரிஃபெக்சர் (அரசு நிர்வாகம்) ஆங்க்லோவ மூடிடும், எந்த வருஷத்து புக்குலயும் அது போட்டிருக்காது.

இன்னொண்ணு, அந்த காலத்து மேப்பா இருந்தா அதுல இருக்கற கட்டம் வேற. இங்க முன்னாடி அளவெடுத்தது பித்தோன் தெ நேழ்ல ஆரம்பப் புள்ளி வச்சு, இப்ப இருக்கறது ஜிபிஎஸ்ஸோட ஒத்துப் போற முறை. ஃபோன் காட்டற நம்பர பழைய மேப்பு கட்டத்துல வச்சு பாத்தா இடம் நல்லாவே தள்ளிப் போகும். அப்படி தள்ளிப் போனா இங்க ரம்பாருக்கு மேலயா கீழயாங்கற வித்தியாசம். காம்பஸ் எடுத்துட்டு போனாலும் அதே கத, இந்த தீவுல முள்ளு உண்மையான வடக்குலேர்ந்து பதினஞ்சு டிகிரிக்கு மேல மேக்கால சாயுது, இந்தியால அது ஒரு பேச்சுக்கே வராது, அதனால மச்சான் பழக்க தோஷத்துல அப்படியே பாத்துடுவாரு. அந்த கணக்கு மேப்போட ஓரத்துல அச்சடிச்சிருப்பான், கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிங்க.


யாழ் நடையன் (சேன் தெனி)

வணக்கம் அண்ணை. நான் இஞ்ச வந்து ஐஞ்சு வருசம், போன வருசம் ஓகஸ்ட்டில ஆர்2 தனிய நடந்தனான், பதினொரு நாள். ஃபோன் பற்றி நான் சொல்லுறன், ஏனெண்டா நான் ஃபோனை நம்பிப் போனவன்.

ஃபோன் நல்லது, வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வச்சு வேலை செய்யிற ஆப் கனக்க இருக்கு, ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் மாதிரி, மஃபாத்துக்குள்ள சின்ன ஒத்தையடிப் பாதையும் வீடும் தண்ணிப் பைப்பும் கூட அதில கிடக்கு. ஐஜிஎன் காரரும் தங்கட சொந்த ஆப் விட்டிருக்கினம். வீட்டில வைஃபையில இறக்கி வச்சிட்டு ஏரோப்ளேன் மோட்டில போட்டா சிக்னல் இல்லாட்டிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இது கனபேருக்குத் தெரியாது, டவர் இல்லையெண்டா மேப்பும் இல்லை எண்டு நினைக்கினம்.

ஆனா ரெண்டு இடத்தில என்னைக் கைவிட்டது. ஒண்டு, தோ தான்லேர்ந்து இறங்கி தெ ப்ராவுக்குப் போற இடத்தில, ரிவியேர் தே கலே பள்ளத்துக்குள்ள ரெண்டு பக்கமும் மலை, மேல வானம் ஒரு கீற்று மாதிரித்தான் தெரியும், அங்க ஃபோனில நான் இருக்கிற புள்ளி ஆத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமெண்டு தவளை மாதிரி பாயுது. மற்றது பித்தோன் தெ நேழ் ஜீத்தில, விடிய மூண்டு மணிக்கு உச்சிக்கு ஏற எழும்பினால் ஃபோனில சார்ஜ் 60 எண்டு காட்டினது அரை மணித்தியாலத்தில 9க்கு வந்திட்டுது, குளிர். ஓகஸ்ட்டில அங்க நிலத்தில உறைபனி இருந்தது, உச்சி 3070 மீட்டர் உயரம், வெப்ப நாடு எண்டு நினைச்சு வந்தனான். பிறகு ஃபோனைச் சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சுத்தான் படுத்தன். பேப்பருக்குக் குளிராது.

புத்தகம் பற்றி ஒரு விசயம். வாங்க முதல் அது எந்தத் திசையில எழுதியிருக்கெண்டு பாருங்கோ. என்னட்டை இருந்தது நான் நடந்ததுக்கு நேர்மாறு. “இடப்பக்கம் திரும்பி நாப்பது நிமிசம் இறங்கவும்” எண்டதை “வலப்பக்கத்தால வந்து எவ்வளவு நேரம் ஏறவும்” எண்டு ஒவ்வொரு நாளும் மாத்தி மாத்தி வாசிச்சு எனக்குத் தலை சுத்தினது. ஏறுற நேரமும் இறங்குற நேரமும் ஒண்டில்லைத்தானே.


தாம்பூலம் (சேன் தாந்த்ரே)

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன், எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். தமிழ் கோயில் வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊர்ப் பெயர்கள் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மேப்பில் ஒரே பெயர் பல இடத்தில் வரும். எங்கள் முன்னோர் ஒரு இடத்தைப் பார்த்து எப்படித் தெரிந்ததோ அப்படியே கூப்பிட்டார்கள், தட்டையான பாறை என்றால் ரோஷ் ப்ளாத். மஃபாத்தில் ஒரு ரோஷ் ப்ளாத் உண்டு, சேன் ஜோசெப்புக்கு மேலே ரிவியேர் தே ரம்பார் பள்ளத்திலும் ஒரு ரோஷ் ப்ளாத் உண்டு. இரண்டிலும் ஜீத் உண்டு. நான் இந்தத் தீவில் பிறந்து, நாற்பது வயதில், என் மனைவியோடு மஃபாத் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முன்பதிவு மற்ற ரோஷ் ப்ளாத்தில் இருந்தது. மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்கிறாள். அந்த வீட்டம்மா நல்லவர், கூடத்தில் மெத்தை போட்டுக் கொடுத்தார். நீங்கள் பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் மேப்பில் விரல் வைத்து, எந்த சிர்க் (மலை சூழ்ந்த பள்ளம்) என்று கேளுங்கள். கிராந் ப்ளாஸும் அப்படித்தான், மேல் கிராந் ப்ளாஸ், கீழ் கிராந் ப்ளாஸ், நடுவில் நல்ல இறக்கம். மாலை ஐந்து மணிக்கு அது தெரியவந்தால் அழுகை வரும். ஜூலையில் ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

புத்தகத்தில் இருந்து எனக்குப் பிடித்தது பெயர்களின் கதை. சிலாவோஸ் என்பது மலகாசி மொழி, விட்டுப் போக முடியாத இடம் என்று பொருள் சொல்வார்கள். ரோஷ் எக்ரித் காட்டில் மட்டும் வாழும் ஒரு சின்னப் பறவை உண்டு, நாங்கள் துயி துயி என்போம், உலகில் வேறு எங்கும் இல்லை. இதையெல்லாம் மேப் சொல்லாது. உங்கள் மச்சான் ஆங்கிலம் படிப்பார் என்றால் ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவருக்கு, பிரெஞ்சு தோப்போகீத் உங்களுக்கு என்று யோசிக்காதீர்கள், இரண்டு பேரும் இரண்டு புத்தகத்தில் இரண்டு நேரம் பார்த்து வழியில் சண்டை போடுவீர்கள். ஒன்றே போதும்.


கொத்தமல்லி அக்கா (லெ தாம்ப்போன்)

தாம்பூலம் ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. இங்லீஷ் புக்கே வாங்கு தம்பி, ஆனா பின் அட்டைய திருப்பி எந்த வருஷத்து பதிப்புன்னு பாரு. மேப்புல பிரெஞ்சு தெரியாட்டி ஒண்ணும் குடி முழுகாது, பத்து வார்த்தை போதும். ரவீன்னா ஓடை, மழைல நெறயும், பாதை அத தாண்டுதுன்னா கவனம். ரம்பார்னா செங்குத்து சுவர், அங்க கான்டூர் கோடெல்லாம் ஒட்டி பழுப்பு பட்டையா தெரியும். இலேன்னா தண்ணி நடுவுல இருக்கற தீவு இல்ல, மலை நடுவுல கொஞ்சம் சமதளம், ஜனங்க வீடு கட்டி இருக்கற எடம். சூர்ஸ்னா ஊத்து, ஆனா மேப்புல இருக்குன்னு நம்பி காலி பாட்டிலோட போகாத.

எல்லாத்த விட முக்கியமானது பேப்பர்லயே கெடையாது. 2025 பிப்ரவரி 28ல கரான்ஸ் புயல் வந்துச்சே, அதுக்கு முந்தின வருஷம் ஜனவரில பெலால். அந்த ரெண்டுலயும் எத்தன பாதை சரிஞ்சு மூடிக் கெடந்துச்சு. நேத்து அச்சடிச்ச மேப்பும் அத காட்டாது. ஓஎன்எஃப் (காட்டு இலாகா) சைட்ல எந்த பாதை தொறந்திருக்கு எது மூடிருக்குன்னு லிஸ்ட் போடறான், கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பாரு, முந்தின நாள் மறுபடி பாரு, மூடின பாதைய மேப்புல பென்சிலால அடிச்சுடு. பேனா வேணாம், அடுத்த வருஷம் தொறப்பான். மூடின பாதைல “நாலு பேரு போறாங்க”ன்னு போனா அபராதமும் உண்டு, கல்லு விழுந்தா கேக்க நாதியும் இல்ல.

கடைசி நாள் பத்தி ஒரு வார்த்தை. எரிமலை ஜீத்லேர்ந்து பாஸ் வாலே இறங்கறது தான் எல்லாரும் அசால்ட்டா எடுத்துக்கற நாள், இறக்கம் தானேன்னு. 2200 மீட்டர் கிட்டேர்ந்து கடல் வரைக்கும் இறக்கம், வழில கடை கண்ணி எதுவும் கெடையாது. நடுவுல ஃபோக் ஃபோக்னு ஒரு எடம் வரும் மேப்புல பாரு, 1966 ஜனவரில ஒரே நாள்ல 1825 மில்லிமீட்டர் மழ பெஞ்ச எடம் அது, ஒலக ரெக்கார்டு. நீ போறது ஜூலை, காய்ஞ்ச சீசன் தான், ஆனா அந்த பக்கம் காய்ஞ்ச சீசன்லயும் பிழிஞ்சு எடுக்கும். மேப்ப நல்ல ஜிப் கவர்ல போடு, அன்னன்னிக்கு வேண்டிய பக்கம் மேல தெரியற மாதிரி மடிச்சு போடு, மழைல நின்னு ஷீட்ட விரிச்சா அது கைல கூழாயிடும், பட்டவ சொல்றேன்.


மழைக்கோட்டு மாப்ள (சேன் தெனி)

அக்கா, அண்ணன், ஐயா எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து மூணு ஷீட் வாங்கிட்டேன், ஹால்ல தரைல சேத்து வச்சு விரிச்சா சோபாவ தள்ள வேண்டி வந்துச்சு, சம்சாரம் ஒரு பார்வ பாத்தா. கான்டூர் கோட எண்ணி ஒவ்வொரு நாளுக்கும் மச்சானோட வீடியோ கால்ல ஏத்தம் கணக்கு போட்டோம். மூணாவது நாள் போடும்போதே அவரு குரல் கொஞ்சம் எறங்கிடுச்சு, “இது என்னங்க போன ஏத்தத்த எல்லாம் எறங்கி மறுபடி ஏற விடறான்”னாரு. பன்னெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன். இங்லீஷ் புக்கு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, வடக்கேர்ந்து தெக்க எழுதினது தான், பாத்துட்டேன். ஃப்ராங்க் புக்கு வீட்லயே இருக்கும், அந்த பெரியவர் ஓரத்துல எழுதின குறிப்ப மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக்கறேன், மார்லால பூனை இருக்கு ஷூவ உள்ள வைன்னு எழுதிருக்காரு.

வேலு அண்ணன், நீங்க கோவிச்சுக்காதீங்க, மூட்டை எட்டு கிலோக்குள்ள வச்சுட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மச்சான் சைவம், முட்டை கூட தொட மாட்டாரு. ஜீத்ல ராத்திரி என்ன பண்றது?


வெறுங்கால் வேலு (சேன் போல்)

கோவமெல்லாம் இல்ல தம்பி. மார்லால வழி மாறி லா நூவேல் போய் சேந்தவன் நான் தான், அக்காவுக்கு தெரியும், அதான் கேட்டாங்க.


தாம்பூலம் (சேன் தாந்த்ரே)

பதிவு செய்யும்போதே “கரேம்” (விரதச் சாப்பாடு) என்று சொல்லுங்கள். காவடிக்கும் தீமிதிக்கும் நாங்கள் விரதம் இருப்போம் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ரூகாய் சோசீஸ் (தொத்திறைச்சிக் குழம்பு) இல்லாமல் சோறு, பருப்பு, சூசூ (சௌசௌ) கறி, அச்சார் கிடைக்கும். சிலாவோஸில் பருப்பை இரண்டு முறை கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அந்த ஊர் மண்ணில் விளைவது. ஆனால் அதே நாள் மாலை போய்ச் சொன்னால் நடக்காது, சட்டியில் ஏற்கனவே கோழி இருக்கும்.


மழைக்கோட்டு மாப்ள (சேன் தெனி)

ஐயா சூப்பர். மேப்புல ஒவ்வொரு ஜீத் பக்கத்துலயும் பென்சில்ல “கரேம் சொல்லியாச்சு”ன்னு எழுதிக்கறேன். ரோஷ் ப்ளாத் ஜீத்துக்கு இப்ப தான் போன் போட்டேன், மஃபாத் ரோஷ் ப்ளாத் தானேன்னு மூணு தடவ கேட்டேன், அந்தம்மா சிரிக்கறாங்க.